அதிபர் செய்த அமீனா வேலை

கோர்ட் அமீனா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், ஊரே எதிர்த்து நின்னா இன்னா பண்றது?"

வாரண்டை எப்படி எழுதுவது, நோட்டீஸை எந்தக் கதவில் ஒட்டுவது என்பதையெல்லாம் ஆபீஸில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் அங்கே பதில் கிடையாது. எனக்கு அது கிடைத்த இடம் சற்று விசித்திரமானது. பாதி அமெரிக்காவில் கிடைத்தது, மீதி செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் தாண்டி இருக்கும் ஒரு கிராமத்தில். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. கிராமத்தின் பெயரை எழுதப்போவதுமில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் நம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிபதி தீர்ப்பை எழுதி முடித்ததும் அது வெறும் காகிதம். அந்தக் காகிதத்தை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அமீனா. பூட்டைத் திறக்கச் சொன்னால் திறப்பது, நிலத்தை ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைப்பது. நான் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த பெரிய அமீனா, வேலைக்குப் போன முதல் நாளே சொன்னார்: "கையில கம்பு வேணாம். வாதி வூட்லயும் பிரதிவாதி வூட்லயும் ஒரு வாய் தண்ணி வேணாம். மத்ததெல்லாம் நீயே கத்துக்குவ."

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மளிகை வியாபாரி இருந்தார். திண்டிவனம் பஸ்ஸில் வரும் பேப்பர்கள் அவர் கடையில்தான் இறங்கும். அவருக்குத் தமிழ்ப் பேப்பர், எனக்கு இங்கிலீஷ் பேப்பர். 1962 அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை. காந்தி ஜெயந்தி, கோர்ட் விடுமுறை. இரண்டு பேப்பரிலும் ஒரே செய்தி.

அமெரிக்காவில் தெற்கே ஒரு மாநிலம். அங்கே ஒரு கறுப்பின மாணவர், அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று வழக்குப் போட்டு ஜெயித்திருந்தார். அந்த மாநில கவர்னர் அவரை உள்ளே விடவில்லை. அங்கே கவர்னர் என்பவர் நம் கவர்னர் போல நியமிக்கப்படுபவர் அல்ல, முதலமைச்சர் போல ஓட்டு வாங்கி வருபவர். அந்த மாநிலத்தில் பெரும்பாலோர் அவர் பக்கம். அப்போது நாட்டின் அதிபர், கோர்ட் உத்தரவை நிறைவேற்ற மார்ஷல்களை அனுப்பினார். கலவரம் வெடித்தது, இரண்டு உயிர் போயிற்று. உடனே பட்டாளத்தை அனுப்பினார். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். மறுநாள் அந்த ஒரு மாணவர் போய் வகுப்பில் உட்கார்ந்தார்.

"ஒருத்தனுக்கா?" என்றார் வியாபாரி. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசு அவர் கையில் அப்படியே நின்றது. "ஒரே ஒரு பையனுக்கா இவ்ளோ பட்டாளம்?"

"ஒரே ஒரு கோர்ட் உத்தரவுக்கு" என்றேன்.

"அது யாருங்க மார்ஷல்? பட்டாளத்துல பெரிய தளபதியா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கிலீஷ் பேப்பரின் உள்பக்கத்தில் விளக்கம் இருந்தது. அந்த நாட்டில் கோர்ட்டின் உத்தரவுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும், நிறைவேற்றும் சிப்பந்திகளுக்கு அந்தப் பெயர். நான் படித்துச் சொன்னதும் வியாபாரி சிரித்துவிட்டார். "அட, உம்ம ஆளு! அமீனா!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. அணுகுண்டு வைத்திருக்கும் மனிதர் அந்த அதிபர். ஒரு பொத்தானில் ஒரு நகரம் இல்லாமல் போகும். அப்படிப்பட்டவர், கறுப்பு அங்கி போட்ட சில கிழவர்கள் எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அதை நிறைவேற்றி வைக்கிறார். அந்த மாநிலத்தில் தனக்கு ஓட்டுப் போடும் கட்சிக்காரர்களையே பகைத்துக்கொண்டு செய்கிறார். மார்ஷல் மட்டுமா அமீனா? அன்றைக்கு அதிபரே அமீனாதான். நான் காக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போய்ச் செய்கிற அதே வேலை.

அதே வாரம் என் பையில் ஒரு வாரண்ட் இருந்தது.

அந்தக் கிராமத்தின் நடுவே ஒரு பொதுக் கிணறு. பஞ்சாயத்துத் தலைவர் அதைச் சுற்றி முள்வேலி போட்டுப் பூட்டிவிட்டார். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு சாவி. சேரிக்கு மட்டும் சாவி இல்லை. அவர்கள் ஏரி ஓரத்தில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின வருடக் கோடையில் வாந்திபேதி வந்தது. சேரியில் ஒரு குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெரியம்மா கன்னியம்மா, செஞ்சி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். அவர்தான் வழக்குப் போட்டார். ஜெயித்தார். வேலியை அகற்ற வேண்டும், கிணறு எல்லோருக்கும் பொது என்று ஊரறியத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும், இரண்டும் நடந்ததென்று அமீனா எழுதித் தர வேண்டும் என்பது உத்தரவு. நான் போன நாள் அந்த வாரண்டின் கடைசி நாள். அன்று நடக்காவிட்டால் மறுபடி மனு, மறுபடி வாய்தா. அதற்குள் அடுத்த கோடை வந்துவிடும்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமுக்கு கோர்ட்டுக்குச் சொந்தம். அடிப்பவரை அந்தந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ கூலிக்கு அமர்த்திக்கொள்வோம். வாதி தரப்பு ஆளும் அடிக்கக் கூடாது, பிரதிவாதி தரப்பு ஆளும் அடிக்கக் கூடாது. அடித்தால் நாளைக்கே ஆட்சேபணை மனு வந்துவிடும். வழக்கத்தை நாங்கள் அறிந்திருந்த அளவுக்குத் தலைவரும் அறிந்திருந்தார்.

நானும் என்னுடன் வந்த கோர்ட் பியூனும் போய் இறங்கினோம். தலைவர் எங்களை மறிக்கவில்லை. ஆட்கள் கம்போடு நிற்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இளநீர் வெட்டச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

"தெரியுமே. அமீனா எங்க வூட்டுத் தண்ணிய குடிக்க மாட்டாரு" என்று சிரித்தார். "உங்க வேலைய நீங்க பாருங்க அமீனா சார். நான் குறுக்க வரல. தமுக்கு அடிக்க ஆளு வந்துட்டானா?"

வரவில்லை. பேசி வைத்திருந்தவருக்குக் காய்ச்சலாம். பக்கத்து ஊர்க்காரர் மேல்மலையனூர் போய்விட்டாராம். அதற்கடுத்த ஊரில் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சுற்றுவட்டத்தில் தமுக்கு அடிக்கத் தெரிந்த ஒரு கைகூட அன்று இல்லை. எல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. யாரும் எதிர்க்கவில்லை, ஆனால் உத்தரவும் நடக்காது. இதைவிட நேர்த்தியான தடையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் அமெரிக்க அதிபரின் வண்ணப்படம். ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டியது. அதன் கீழே, பசை காயாமல், இரண்டு நாள் முந்தைய செய்தித்தாள் துண்டு. பல்கலைக்கழக வாசலில் சிப்பாய்கள் நிற்கும் படம்.

என் பார்வையைத் தலைவர் கவனித்தார். அவர் நிறையப் படிப்பவர். அமெரிக்க சமாச்சாரம் என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். முகம் மலர்ந்துவிட்டது.

"படிச்சீங்களா? ஆம்பளைன்னா அவன் ஆம்பள. கவர்னர் முறைச்சிக்கிறான், ஊரே கல்லெறியுது. எறக்குனான் பாரு பட்டாளத்த! பிரசிடெண்டுன்னா அப்படி இருக்கணும். சொன்னா சொன்னது."

"அது அவர் சொன்னது இல்லீங்களே தலைவரே" என்றேன். "கோர்ட் சொன்னது. அந்தப் பையனைச் சேர்க்கணும்னு உத்தரவு போட்டது ஜட்ஜுங்க. அவர் அதை நிறைவேத்தினார். அன்னிக்கு அவர் பார்த்தது என் வேலை."

தலைவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அவர் அந்தப் படத்தில் பலத்தைப் பார்த்திருக்கிறார், நான் பணிவைப் பார்த்திருக்கிறேன். செய்தி ஒன்றுதான்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "எனக்கு இந்த ஊரு ஓட்டு போட்டிருக்குது. உத்தரவு போட்ட முன்சீப்புக்கு யாரு ஓட்டு போட்டாங்க? ஜனநாயகம்ன்றீங்களே, பத்துப் பேர்ல ஒம்பது பேரு வேலி வேணும்ன்றான். அப்ப யாரு பேச்சு நடக்கணும்?"

தம்பிகளே, இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். உங்களிடமும் கேட்பார்கள். நான் தடுமாறினேன். வெளியே வாசலில் நின்றிருந்த கன்னியம்மா தடுமாறவில்லை.

"அந்தக் கவர்னருக்குக் கூடத்தான் ஓட்டு போட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குதாமே, பிரசிடெண்டய்யா. ஒம்பது பேரு சேந்து பத்தாவது ஆளு தண்ணி குடிக்கக் கூடாதுன்னு ஓட்டு போட முடியும்னா, அப்புறம் அந்தப் பத்தாவது ஆளு எங்க போவான்? அதுக்குத்தான் ஓட்டு வாங்காத ஒருத்தர அங்க குந்த வெச்சிருக்காங்க."

"இன்னா கன்னியம்மா, சட்டம் பேசற?"

"ஒங்க பேரன் பொறந்ததும் மொதல்ல குளிச்ச தண்ணி நான் ஊத்துனது. இப்ப இருக்கற தீட்டு அப்ப எங்க போச்சி? பஸ் ஏறிப் போயிடுச்சா?"

வெளியே யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். தலைவர் எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். கூட்டமும் நகர்ந்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவில் முள்வேலி, பூட்டு, தரையில் தமுக்கு.

"அமெரிக்கா பிரசிடெண்டுகிட்ட பட்டாளம் இருக்குது அமீனா சார்" என்றார் தலைவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்ககிட்ட இன்னா இருக்குது? அடிக்க ஆளில்லாத ஒரு தமுக்கு."

ஊர்ப்பக்கம் கைதட்டிச் சிரித்தது. சேரியிலிருந்து ஓர் இளைஞன் தமுக்கை நோக்கி வந்தான். கன்னியம்மா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தொடாதடா. நீ அடிச்சா செல்லாது. அதுக்குத்தான் காத்துனு இருக்காங்க." நான் பியூனைப் பார்த்தேன். அவர் என் காதருகே வந்தார். "பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி வெச்சிருக்குது சார். இத நான் தொட்டேன்னு தெரிஞ்சா நின்னு போயிடும். விட்டுடுங்க சார்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமுக்கைத் தொடுவது அன்றைக்கு அப்படிப்பட்ட விஷயம். யார் அடிக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. என் குடும்பத்தில் யாரும் அதைக் கையால் தொட்டதில்லை. எனக்கும் தப்பிக்க வழி இருந்தது. "தமுக்கு அடிக்க ஆள் கிடைக்கவில்லை, வாரண்ட் நிறைவேறாமல் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று எழுதினால் யாரும் என்னைக் கேட்க முடியாது. அது பொய்யும் அல்ல. போலீஸ் பந்தோபஸ்து கேட்டு எழுதலாம். வந்து சேர வாரமாகும், வாரண்ட் செத்துவிடும்.

அப்போது எனக்கு அந்த அதிபரின் நினைவு வந்தது. நான் வீரன் என்று சொல்லவில்லை. ஒரு சின்னக் கணக்குதான் மனதில் ஓடியது. அவ்வளவு உயரத்தில் இருக்கிறவர் இறங்கி வந்து ஒரு அமீனாவின் வேலையைச் செய்திருக்கிறார். அமீனா தன் இடத்திலிருந்து இறங்க வேண்டியது ஒரு படிதானே? உத்தரவுக்குத் தேவைப்படும் வேலை எதுவோ, அதுதான் அந்த நேரத்தில் என் பதவி.

குனிந்து தமுக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. பியூன் கண்ணை மூடிக்கொண்டார்.

அடித்தேன். எனக்கு அடிக்கத் தெரியாது. தாளமும் இல்லை, கட்டும் இல்லை. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். சேரிப்பக்கத்துக் குழந்தைகள் வாய்விட்டுச் சிரித்தன. "அய்யா, அது இன்னா பாவம் பண்ணுச்சி, மெதுவா!" என்றார் கன்னியம்மா. ஊர்ப்பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. நான்கு திசைக்கும் திரும்பி நின்று அடித்து, உத்தரவை உரக்கப் படித்தேன்.

படித்து முடித்ததும் வேலியருகே போனேன். ஊர்ப்பக்கத்திலிருந்து தடித்த ஆள் ஒருவன், தலைவரின் மைத்துனன் என்று பிறகு தெரிந்தது, ஓடிவந்து பூட்டின் முன் குறுக்கே நின்றான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த முகத்தில் ஓடியதை எப்படி எழுதுவது? ஒரு தலையசைப்புப் போதும். என்னைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பார்கள். அவருக்கு ஓட்டுப் போட்ட ஊர் அந்தத் தலையசைப்புக்காகக் காத்து நின்றது. அவர் என் கழுத்தில் தொங்கிய தமுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆபீஸ் சுவரில் ஒட்டிய செய்தியில் தான் அதிபரா, கவர்னரா என்று எண்ணினாரோ என்னவோ.

"டேய்" என்றார் மைத்துனனிடம். "ஒதுங்கு."

"மாமா?"

"ஒதுங்குடான்றேன்ல."

அவன் ஒதுங்கினான். பூட்டைப் பியூன் உடைத்தார். வேலியை நானும் அவரும் இழுத்துச் சாய்த்தோம். கன்னியம்மா தவலையோடு உள்ளே நடந்து, ராட்டினத்தில் கயிற்றைப் போட்டு, தண்ணீர் சேந்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இறந்த குழந்தையின் தாய் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். முதல் தவலையை அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் கிளம்பும்போது தலைவர் என் சைக்கிள் அருகே வந்தார். "ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. நான் ஒத்துக்கல. ஒதுங்கினேன். ரெண்டும் வேற."

"வேறதான் தலைவரே" என்றேன். "கோர்ட் ரெண்டாவதைத்தான் கேட்குது."

அன்று வீடு திரும்பியபோது, செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. என் அம்மா வாசலிலேயே நிறுத்தி, தீட்டுக் கழியத் தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, 1963 நவம்பர் 23, சனிக்கிழமை காலை, ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. அதிபரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் பேப்பருக்காக வியாபாரி கடையில் கூட்டம். கோட்டை மலையடியில் வாழும் எங்களுக்கு ராஜா செத்தால் என்ன ஆகும் என்று தெரியும். "ராஜா வுழுந்தா கோட்டை வுழுந்துச்சி, இதான நம்ம ஊரு கதை" என்றார் வியாபாரி. "அங்க இப்ப யாரு புடிச்சாங்க? பட்டாளமா?"

அப்போது தலைவர் வந்தார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை. சொந்தக்காரர் செத்த முகம். "அமீனா சார், இங்கிலீஷ்ல இன்னா போட்டிருக்குது? படிங்க."

படித்தேன். துணை அதிபர் விமானத்துக்குள்ளேயே நின்று பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். பட்டாளம் தன் இடத்தில் இருந்தது. யாரும் எதையும் பிடிக்கவில்லை. பிரமாணம் செய்து வைத்தது அந்த ஊர் ஜில்லா கோர்ட் ஜட்ஜ், ஒரு பெண்மணி.

"ஜில்லா ஜட்ஜா?" என்றார் தலைவர். "பெரிய கோர்ட்டு இல்லியா?"

"இல்லீங்க. கிட்டத்துல கிடைச்ச ஜட்ஜ்."

"அவ்ளோ பெரிய பட்டாளம், அணுகுண்டு, எல்லாம் கைக்கு வர நேரத்துல... ஒரு ஜில்லா ஜட்ஜம்மா முன்னாடி கையத் தூக்கினு நின்னாரா?"

"நின்னிருக்கார்."

எதிரே கோட்டை மலை ராஜகிரி வெயிலில் நின்றது. எத்தனை மதில், எத்தனை அகழி, எத்தனை பீரங்கி அதற்கு. எந்தக் கொடியையும் அது நிலையாகக் காப்பாற்றி வைக்கவில்லை. அங்கே ஒரு விமானத்துக்குள், ஒரு வாக்கியம், ஒரு தூக்கிய கை. அவ்வளவுதான் மதில். அந்த வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை. அந்த நாட்டில் நடக்கும் அநியாயங்களை நான் அறியாதவன் அல்ல. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு அதிபர் தன் குற்றத்தைக் காட்டும் ஒலிநாடாக்களை ஒளித்து வைத்த கதையையும் நாள் நாளாகத் தொடர்ந்து படித்தேன். கோர்ட் கொடு என்றது. அவரும் கொடுத்தார். ஒத்துக்கொண்டு கொடுக்கவில்லை, ஒதுங்கினார்.

தலைவர் கிளம்பிப் போகுமுன் திரும்பினார். "கெணத்துக்கு ரெண்டாவது ராட்டினம் போடறோம். ஊருக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. சண்டை வராது பாருங்க. தமுக்கு அடிச்சி சொல்லணும். ஆளு நான் புடிச்சிக்கறேன், நீங்க வந்து அடிச்சித் தொலைச்சிடாதீங்க. போன தடவ அடிச்சது இன்னும் காதுல கேக்குது."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. வேலி போய் ராட்டினம் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் வேறு வேலையாக அந்த ஊர் வழியாகப் போனேன். கிணற்றில் இரண்டு ராட்டினங்கள் இருந்தன. கன்னியம்மா மேற்கு ராட்டினத்தில், அதாவது ஊர் ராட்டினத்தில், சாவகாசமாகத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் சேரிக்கென்று போட்ட ராட்டினத்தில், நேரமாகிவிட்ட ஊர்ப் பெண் ஒருத்தி கயிற்றைப் போட்டிருந்தாள்.

"இன்னா கன்னியம்மா, ராட்டினம் மாறிப்போச்சா?" என்றேன்.

"எது காலியா இருக்குதோ அதுல எறைக்கறோம்" என்றார் அவர், கயிற்றை விடாமல். "நீங்க தமுக்கு அடிச்சப்ப கெணறு பொதுன்னுதான சொன்னீங்க? ராட்டினத்துக்குத் தனியா உத்தரவு இருக்குதா இன்னா?"